பிடியரிசி போட்டு எங்களை அனுப்பிய சபைகளுக்கு

வெளிநாட்டில் மிஷன் ஊழியம் செய்கிறவர்களைத் தாங்கிவரும் கொங்கு நாட்டுச் சபைகளின் ஆயர்களுக்கும், சேகரக் கமிட்டி ஐயாமாருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

நான் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. நர்ஸ். என் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் வண்டியில் பத்து வருஷம் ஊர் ஊராக ஓடியவர். உலை வைக்கும்போது நீங்கள் காணிக்கையாக எடுத்து வைக்கும் பிடியரிசியின் பணத்தில்தான் ஒன்பது வருஷமாக நாங்கள் ஆப்பிரிக்காவில், ஜாம்பியாவின் வடக்கே லுவாபுலா மாகாணத்தில், ஒரு கிராமத்தில் இருக்கிறோம். இப்போது நாலு மாத விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறோம்.

வந்த இரண்டாம் ஞாயிறு என்னைப் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் பத்து நிமிஷம் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், கமிட்டியில் இருக்கும் ஒரு பெரியவர் என் மகன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "எல்லாஞ் சரிங்கம்மிணி, இந்த வருசம் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் ஆச்சுங்க?"

அன்பாகத்தான் கேட்டார். எனக்குத்தான் வாய் திறக்கவில்லை. அன்று சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். இந்தப் பள்ளி விடுமுறையில் நம் பக்கத்திலிருந்து இன்னொரு இளம் தம்பதியை ஊழியத்துக்கென்று பிரதிஷ்டை செய்து அனுப்பப் போகிறீர்கள். எங்களுக்குக் கொடுத்த அதே மாதாந்திர அறிக்கைப் படிவம்தான் அவர்கள் பெட்டியிலும் போகும் என்று கேள்விப்பட்டேன். அது போவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அந்தப் படிவம் எனக்கு மனப்பாடம். நடத்திய கூட்டங்கள், சந்தித்த கிராமங்கள், கொடுத்த கைப்பிரதிகள், மனந்திரும்பியவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஊழியம் செய்யாத நாட்கள். கடைசியில் இரண்டு புகைப்படம். ஒன்பது வருஷத்தில் நூற்றுக்கும் மேல் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். என் வாழ்க்கையில் நடந்த ஒன்றையும் அதில் எழுத முடிந்ததில்லை.

முதலில் அந்த ஞானஸ்நானக் கணக்கைப் பேசிவிடலாம். ஜாம்பியா 1991 டிசம்பரில் தன்னைக் கிறிஸ்தவ தேசம் என்று அறிவித்துக்கொண்ட நாடு. 1996-ல் அதை அரசியல் சட்டத்திலும் எழுதிவிட்டார்கள். அங்கே நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். நாங்கள் இருக்கும் பக்கத்தில் ம்பெரேஷி என்று ஒரு பழைய மிஷன் ஊர் இருக்கிறது. லண்டன் மிஷன்காரர்கள் 1900-ல் அமைத்தது. என் தாத்தா ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்பே அங்கே ஆராதனை நடந்திருக்கிறது. ஞாயிறு காலை ஒரு கருவியும் இல்லாமல் நாலு குரலில் அந்தப் பெண்கள் பாடும்போது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொள்பவள். அவர்களுக்கு நான் போய் யாரை அறிமுகப்படுத்துவது?

நம் பக்கத்துப் பழைய கதையும் அதே சங்கத்தோடு சேர்ந்ததுதான். 1830-ல் கோயமுத்தூருக்கு ஆடிஸ் வந்தது லண்டன் மிஷன் ஊழியராக. சுமார் பத்தாண்டு கழித்து அதே சங்கம்தான் லிவிங்ஸ்டனை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. அவர்கள் நட்ட சபைகள் இங்கே 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. அங்கே 1965-ல் ஜாம்பியா ஐக்கிய சபையில் சேர்ந்தன. நாம் அவர்களுக்குப் பங்காளி வீடு. பங்காளி வீட்டுக்குக் கை உதவிக்குப் போனவர்களிடம் எத்தனை பேரைக் கிறிஸ்தவர்களாக்கினாய் என்று கேட்பது போல இருக்கிறது அந்தக் கட்டம்.

அந்த ஜாம்பியா சபை எங்களைக் கேட்டபோது பிரசங்கியார் வேண்டும் என்று கேட்கவில்லை. பிரசவம் பார்க்கத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி வேண்டும், கை பம்பு ரிப்பேர் வேலையைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

அந்தப் பம்பைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் நாள் அதில்தான் தொடங்குகிறது. காலை ஐந்தரைக்கெல்லாம் இருபது லிட்டர் மஞ்சள் கேன்கள் வரிசையில் நிற்கும். கைப்பிடியைப் பிடித்து அடிக்கும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். போன முதல் நாள் அந்தப் பம்பைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்திலும், சாவடிக்குப் பக்கத்திலும் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே பம்பு. இந்தியா மார்க் டூ. ஜாம்பியாவில் பெரும்பாலும் அதுதான்.

அதன் கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். 1960-களில் மகாராஷ்டிரத்தில் வறட்சி வந்தபோது, வார்ப்பிரும்புப் பம்புகள் சீக்கிரம் சீக்கிரம் உடைந்துபோவதைப் பார்த்து, ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் இருந்த மிஷன் ஆட்கள் உறுதியான பம்பு ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதை அடிப்படையாக வைத்து யுனிசெஃப் உதவியோடு 1970-களில் மார்க் டூ உருவானது. அதன் முதல் மாதிரிகளைக் கொண்டுவந்து வைத்துச் சோதித்த இடம் நம் கோயமுத்தூர்ப் பக்கம். நம் ஊரில்தான் தண்ணீர் ஆழத்தில் கிடக்கிறது, ஜனமும் நாள் முழுக்க விடாமல் அடிக்கும். இங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும். 1983-க்குப் பிறகு மறுபடியும் கோயமுத்தூர்ப் பக்கமே சில வருஷம் சோதனை நடத்தி, குழாயை மேலே தூக்காமலே உள்ளே இருக்கும் வாஷரை மாற்றுகிற மாதிரி மார்க் த்ரீ கண்டுபிடித்தார்கள்.

மார்க் டூவில் அந்த வசதி கிடையாது. வாஷர் தேய்ந்தால் முக்காலி நட்டு, ஆறேழு பேர் சேர்ந்து, இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். லுவாபுலாவில் நிலத்தடித் தண்ணீர் இரும்பை அரிக்கும். சில வருஷத்திலேயே குழாய் சல்லடையாகிவிடும். தண்ணீரில் துருவாடை அடிக்கும், வெள்ளைத் துணி செம்மண் நிறமாகும், கஞ்சி கறுத்துப்போகும். அதனால் பெண்கள் பம்பை விட்டுவிட்டு ஓடைக்குப் போவார்கள். இரண்டு வாரத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று என்னிடம் வருவார்கள். என் வேலையும் அவர் வேலையும் இப்படித்தான் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது.

ஒவ்வொரு பகுதியிலும் பம்பு பழுது பார்க்கிற உள்ளூர் ஆட்கள் இருக்கிறார்கள். ஏரியா பம்ப் மைண்டர் என்று பெயர். சைக்கிளில் ஸ்பேனரைக் கட்டிக்கொண்டு போவார்கள். என் வீட்டுக்காரர் அவர்களோடு போகிறார். அவர்கள் கையில்தான் வேலை, இவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார். காலை ஆறு மணிக்குப் போனால் இருட்டிய பிறகு கை முழுக்கக் கிரீஸோடு வருவார். அன்றைக்கு அந்தக் கிராமத்தில் தண்ணீர் வந்திருக்கும். மாதக் கடைசியில் படிவத்தில் "நடத்திய கூட்டங்கள்" என்ற இடத்தில் அந்த நாளுக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

ஒரு தடவை மன்சா டவுனுக்குச் சாமான் வாங்கப் போனபோது, ரோட்டோரம் நின்ற போர்வெல் வண்டியிலிருந்து "ஏனுங்க, தமிழுங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. திருச்செங்கோட்டுப் பையன்கள் மூன்று பேர். ரோட்டிலேயே நின்று அரை மணி நேரம் பேசினோம். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் தூங்கவே இல்லை.

சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். "அங்க என்னங்க தின்பீங்க, பாவம்" என்கிறீர்கள். பாவம் ஒன்றும் இல்லை. அவர்கள் தின்பது களி. மக்காச்சோள மாவிலோ மரவள்ளி மாவிலோ கிண்டுகிறார்கள். பெம்பா மொழியில் உப்வாலி என்று பெயர். கையில் உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, கீரையை அள்ளிச் சாப்பிட வேண்டும். கீரையில் வேர்க்கடலையை இடித்துப் போட்டுக் கடைவார்கள். நம் வீட்டு ராகிக் களிக்கும் கீரைக் கடைசலுக்கும் பழகிய நாக்குக்கு அது புது ருசியே இல்லை. முதல் வாரம் பக்கத்து வீட்டு அம்மா ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தபோது, எங்கள் அம்மாயி கிண்டிய களி ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். ம்வேரு ஏரியிலிருந்து வரும் சின்னக் கருவாட்டைப் பார்த்தால் உங்களுக்கும் ஊர்ச் சந்தை ஞாபகம் வரும்.

துணியைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். அங்கே பழைய துணிச் சந்தை இருக்கிறது. சலாவுலா என்பார்கள், குவியலைக் கிளறிப் பொறுக்குவது என்று அர்த்தம். பணக்கார நாட்டுக்காரர்கள் உடுத்திக் கழித்தது மூட்டை மூட்டையாக வந்து தரையில் கொட்டிக் கிடக்கும். மகனுக்குப் பனியன் தேடும்போது கழுத்துப் பட்டியில் "மேட் இன் இந்தியா" என்று பார்த்தேன். என் தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். அவள் கைபட்டுக் கப்பலேறிய துணியாக இருக்குமோ என்று அதையே வாங்கினேன். சாயம் போய்விட்டது, இன்னும் வைத்திருக்கிறேன்.

மொழி பழக எனக்கு இரண்டு வருஷம் ஆனது. பெம்பாவில் ஆட்களுக்கு ஒரு முன்னொட்டு, மரங்களுக்கு ஒன்று, பொருள்களுக்கு ஒன்று. உமுந்து என்றால் ஓர் ஆள், அபந்து என்றால் பல ஆட்கள். முன்னொட்டு மாறினால் வினைச்சொல்லும் கூடவே மாற வேண்டும். புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆறு மாதம் திணறினேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் பிரசவக் காத்திருப்பு வீட்டில் சாயங்காலம் போய் உட்கார ஆரம்பித்தேன். தூரத்துக் கிராமத்துக் கர்ப்பிணிகள் கடைசி வாரங்களில் அங்கே வந்து தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நாளை எதிர்பார்த்திருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து கடலை உரித்தபடியே பேசப் பழகினேன். யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, யாருக்குத் தலை வலிக்கிறது, யார் வீட்டுக்காரர் அடிப்பார் என்பதெல்லாம் அந்தக் கடலைக் கூடைக்குப் பக்கத்தில்தான் தெரியவரும். மலேரியா மாத்திரையை மூன்று நாளைக்கு ஆறு வேளையும் விடாமல் கொடுக்க வேண்டும், காய்ச்சல் விட்டதும் நிறுத்தக் கூடாது, வெறும் வயிற்றில் வேண்டாம், கடலை இடித்துப் போட்ட கஞ்சியோடு கொடுங்கள், அந்தக் கொழுப்பு இருந்தால்தான் மருந்து உடம்பில் பிடிக்கும் என்று நான் சொல்வதும் அங்கேதான். நவம்பரில் மழை பிடித்தால் ஏப்ரல் வரை மலேரியா. உங்கள் படிவம் அந்தத் திண்ணையைக் கூட்டம் என்று ஒத்துக்கொள்ளாது. பாட்டும் ஜெபமும் காணிக்கையும் அதில் இல்லை.

ஈரோட்டில் போப்லி ஐயரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். வெள்ளைக்காரராக வந்து கர்நாடக சங்கீதம் கற்று, கீர்த்தனையோடு சுவிசேஷத்தைச் சொன்னவர். அவர் பாட்டு வாத்தியார் முன்னால் உட்கார்ந்து ஸ்வரம் பழகிய சாயங்காலங்களை யார் அறிக்கையில் கேட்டிருப்பார்கள்? நமக்குக் கிடைத்ததெல்லாம் அந்தச் சாயங்காலங்களிலிருந்து வந்ததுதானே.

கத்தோலிக்கர் பக்கத்துக் கதை ஒன்றும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். மரியோன் பிரெசில்லாக் என்ற பிரெஞ்சுக்காரர் 1846-ல் நம் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றவர். கோயமுத்தூரில் சில வருஷம் இருந்து, பிறகு ஆப்பிரிக்காவுக்கென்று 1856-ல் ஒரு சபையைத் தொடங்கினார். 1859-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுனில் போய் இறங்கி, ஆறு வாரத்தில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். ஆறு வாரம். பெட்டி பிரிப்பதற்கும் காய்ச்சலில் படுப்பதற்கும்தான் நேரம் இருந்திருக்கும். ஆனால் அவர் தொடங்கிய சபை இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் வேலை செய்கிறது.

இனி சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது.

அங்கே போன புதிதில் பிள்ளைகள் என்னைப் பார்த்து "முசுங்கு, முசுங்கு" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். வெள்ளைக்காரி என்று அர்த்தம். என் நிறத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வெளியிலிருந்து வந்தவர் யாராக இருந்தாலும் அந்தப் பெயர்தான். எங்கே போனாலும் ஒரே ஒரு நாற்காலியைத் தேடிக் கொண்டுவந்து என்னை உட்காரவைப்பார்கள். ஊர்ப் பெண்கள் தரையில் உட்காருவார்கள். முழங்கால் போட்டு, கையைக் குவித்து மெல்லத் தட்டி வணக்கம் சொல்வார்கள். எங்கள் அப்பாவுக்கு நம் ஊரில் யாரும் நாற்காலி போட்டதில்லை. டீக்கடையில் தனி டம்ளர் கழுவிக் குடித்தவர் அவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தரையில் அவர்களோடு உட்கார விடுவதற்கே ஒரு வருஷம் ஆனது. அதற்குப் பிறகுதான் மூத்தவள் பெயரைச் சேர்த்து "பானா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்னாருடைய அம்மா என்று அர்த்தம். நம் ஊரிலும் பிள்ளை பெயரைச் சொல்லித்தானே அம்மாவைக் கூப்பிடுவோம்.

அப்பா இறந்தது ஜனவரி மாதம். அங்கே நல்ல மழை. உங்களுக்குக் காலை ஏழு மணி, எங்களுக்கு ராத்திரி மூன்றரை. மழையில் எப்படியோ போன் வந்துவிட்டது. பேச்சு விட்டு விட்டுக் கேட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கரையான் மேடு இருக்கிறது. அதில் ஏறி நின்றால் சிக்னல் கொஞ்சம் தெளிவாக இருக்கும். இருட்டில் அதில் ஏறி நின்று தம்பியிடம் பேசினேன். சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம் என்றான். தலைநகர் லுசாக்காவுக்கே பேருந்தில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். அங்கிருந்து விமானம். எப்படிப் போனாலும் அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகிவிடும். நான் வரவில்லை.

விடிவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பெண்கள் வந்தார்கள். முன் அறையிலிருந்த மேசை நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அங்கே துக்க வீட்டில் அப்படித்தான். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த பவானி ஜமக்காளத்தை விரித்தேன். அதில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் வெளியே விறகு மூட்டி, என் வீட்டுக்காரரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ மாவு கொண்டுவந்தார்கள், யாரோ கோழி கொண்டுவந்தார்கள். என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. மூன்று ராத்திரி அங்கேயே படுத்தார்கள். அப்பாவின் முகத்தை அவர்களில் யாரும் பார்த்ததில்லை.

ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உன் அப்பா என்ன விதைப்பார்?"

மஞ்சள், நெல் என்றேன். அடுத்தவர் நிலத்தில் என்றும் சொன்னேன். அதைக் கேட்டதும் பாட்டி பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் அதற்குப் பின்னால் இருந்தவர்களிடம் சொன்னார்கள். பிறகு ஒரு பாட்டு எடுத்தார்கள். அப்பாவுக்காக அத்தனை பேர் நம் ஊரில் அழுதிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

மாதக் கடைசியில் படிவம் வந்தது. "ஊழியம் செய்யாத நாட்கள்" என்ற இடத்தில் 4 என்று உண்மையை எழுதினேன். அடுத்த மாதக் கடிதத்தில் அந்த எண்ணை வட்டமிட்டு, "விளக்கம் தேவை" என்று எழுதியிருந்தது.

எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை. எந்தச் சபை என்றும் இங்கே சொல்லமாட்டேன். அவருக்கு அப்பா இறந்தது தெரிந்திருக்காது. ஆனால் அந்த நாலு நாளும் ஊழியம் நடந்தது. ஊழியம் செய்தவர்கள் அவர்கள், பெற்றுக்கொண்டவள் நான். அதற்குப் பிறகுதான் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் நானும் போய் ராத்திரி தங்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகுதான் பிரசவ வலி எடுத்தால் மந்திரிக்கிறவரிடம் போவதற்கு முன்னால் என்னிடம் ஆள் அனுப்ப ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

புகைப்படத்துக்கு வருகிறேன். கிழிந்த சட்டை போட்ட பிள்ளைகள், மூக்கொழுகும் பிள்ளைகள் படமாக அனுப்பினால் காணிக்கை கூடுதலாக விழுகிறது என்று வெளிப்படையாகவே எனக்குச் சொன்னார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் நம் சேரிகளையும் தோட்டத்துச் சாளைகளையும் இப்படித்தான் படம் பிடித்து வெளிநாட்டுச் சபைகளில் காட்டினார்கள். படத்துக்குக் கீழே பெயர் இருக்காது. அதில் நின்றவர்கள் நம் கொள்ளுப்பாட்டிகள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை அப்படி நிற்கவைக்க என்னால் முடியாது. நல்ல சட்டை போட்டு, தலை சீவி, அம்மா பக்கத்தில் நின்று அவர்களே கேட்டு எடுத்துக்கொண்ட படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவற்றை அனுப்பினேன். அவை எந்த ஆண்டறிக்கையிலும் வரவில்லை.

எங்கள் மூத்தவளுக்குப் பதினாலு வயது. ஒன்பதாம் வகுப்புக்காகப் போன வருஷம் அவளை இங்கே என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனோம். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுதத் திணறுவாள். வந்த புதிதில் ஓய்வுநாள் பள்ளியில் அவளை முன்னால் நிறுத்தி, "ஆப்பிரிக்கா பாசையில ஏதாச்சும் பேசு கண்ணு" என்றிருக்கிறார்கள். பேசினாளாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நாக்கைச் சொடுக்கிப் பேசுவார்களே, அப்படிப் பேசு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெம்பாவில் அப்படி ஒலியே கிடையாது. அன்றிலிருந்து அவள் அந்த ஊரைப் பற்றி வாய் திறப்பதில்லை. அங்கே அவளுக்குத் தோழிகள் இருக்கிறார்கள், அவள் நட்ட மாமரம் இருக்கிறது. அவளுக்கு அதுவும் ஊர். பிள்ளைகளை அழைப்புப் பெற்றவர்களாக யாரும் பிரதிஷ்டை செய்யவில்லை. எங்களோடு வந்தவர்கள் அவர்கள். தயவுசெய்து அவர்களை மேடையில் ஏற்ற வேண்டாம். ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள், போதும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுக்கு வருவது பிடியரிசிப் பணமும் அறுப்பின் பண்டிகை ஏலப் பணமும் என்று எனக்குத் தெரியும். ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுத்து, அதையே மறுபடியும் ஏலத்துக்கு விடும் அண்ணன்மாரை நான் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துப் பானையில் போடும் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. அதனால்தான் கணக்கை அந்த நாட்டுக் காசில் ஒரு குவாச்சா விடாமல் எழுதுகிறேன். 2024-ல் அங்கே பெரிய வறட்சி. பிப்ரவரியிலேயே அந்நாட்டு ஜனாதிபதி தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். எங்கள் வடக்குப் பக்கம் மழை அவ்வளவு மோசமில்லை. ஆனால் தெற்கே சோளம் கருகியது, கரிபா அணையில் தண்ணீர் வற்றியது. அந்த நாட்டு மின்சாரம் பெரும்பாலும் அணை மின்சாரம். ஒரு நாளில் சில மணி நேரமே கரண்ட். மாவு விலை ஏறியது, அரவை மில் ஓடவில்லை. அந்த வருஷம் எங்கள் படிப் பணம் மாவுக்கும் டீசலுக்குமே போனது. கேட்டிருந்தால் நீங்கள் கூட்டிக் கொடுத்திருப்பீர்கள். கேட்பதற்கும் படிவத்தில் இடம் இல்லை, எனக்கும் வெட்கமாக இருந்தது. போகப்போகும் அந்தத் தம்பதிக்கு மருத்துவக் காப்பீடும் வருங்கால வைப்பு நிதியும் முதல் மாதத்திலிருந்தே கட்டுங்கள். எங்களுக்கு இரண்டும் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தாறு வயது ஆகிறது. விசுவாசக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். பம்பு வாங்கும்போதே வாஷரும் வாங்கி வைப்பது அவர் பழக்கம்.

என் அம்மாவைப் பார்க்க அடக்க வாரத்தில் இரண்டு முறை சபையிலிருந்து வந்தார்கள். பெண்கள் சங்கத்து அக்காமார் சாப்பாடு கொண்டுவந்தார்கள்; அதை மறக்கமாட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் யாரும் வரவில்லை. ரேஷன் கடைக்குப் போய்வரக்கூட அம்மா பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கெஞ்சுகிறார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டு, "பாத்தேன், நல்லாருக்காங்க" என்று எனக்கு ஒரு வரி அனுப்பினால், அதுவே எனக்குச் செய்கிற பெரிய ஊழியம்.

படிவத்தையே எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. காணிக்கை கொடுக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் அந்தத் தம்பதிக்கு முதல் வருஷம் அறிக்கை எதுவும் வேண்டாம், மொழி பழகட்டும். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் கேளுங்கள். யாரிடம் என்ன கற்றுக்கொண்டாய், உன்னைப் பார்த்துக்கொள்வது யார், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அங்குள்ள சபையார் எங்களைப் பற்றி எழுதட்டும். நாங்கள் அவர்களுக்கு உதவியா, பாரமா என்று அவர்களுக்குத்தான் தெரியும். முடிந்தால் உங்களில் ஒருவர் வந்து எங்களோடு பத்து நாள் தங்குங்கள். பிரசங்கம் செய்ய வேண்டாம். காலையில் பம்புக்குக் கேன் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தால் போதும். விடுப்பில் வருகிறவர்களை முதல் மாதம் எந்தச் சபையிலும் பேசக் கூப்பிடாதீர்கள்.

புதிய படிவம் ஒன்றை நோட்டுத்தாளில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அழித்துத் திருத்தலாம். எந்தச் சபைக் கமிட்டி கேட்டாலும் கொண்டுவந்து காட்டுகிறேன். அந்தத் தம்பதியையும் பார்க்க ஆசை. அவர்களை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். பெட்டியில் ஒரு ஜமக்காளம் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள், பெரியதாக. கோபியில் அம்மா வீட்டில்தான் இருப்பேன். காலையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். மூன்று மணிக்கு மேல் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிடியரிசியில் வாழும் ஒரு சகோதரி